நோவுக்குக் கொடுத்த குளிசை

நோபேட் என் வீட்டில் ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் ஏதேதோ கதைப்பார்கள். நான் சோற்றில் எதையோ கலந்தேன் என்றுகூடச் சொல்வார்கள். மீன் ஆக்கினால் நடுத்துண்டு அவனுக்குத்தான் போகும். அவன் சாப்பாட்டில் நான் கைவைத்ததில்லை.

என் பெயர் மார்கிறட். கலியாணம் செய்யவில்லை. மெசினில் சட்டை தைப்பேன். நோபேட் என் தங்கச்சி பீற்றிசின் புருசன். எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்பா வீட்டைத் தங்கச்சிக்குச் சீதனமாக எழுதினார். மாப்பிள்ளை வந்து குடியேறினான். பின் அறை எனக்கு. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அவளை நான்தான் வளர்த்தேன். அம்மா சாகும்போது அவளுக்குப் பல்லும் முளைத்திருக்கவில்லை.

நோபேட் தோணி கட்டும் தச்சன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். பீற்றிசை அவன் ஒருநாளும் அடித்ததில்லை. சிரிப்பான், சீழ்க்கையடிப்பான், நாலு பேர் சேர்ந்தால் சாராயம் குடிப்பான். பொறுப்பில்லாத ஆட்களுக்கு ஊரில் எப்போதும் நல்ல பெயர்தான்.

கலியாணம் செய்து பல வருசத்துக்குப் பிறகு பீற்றிஸ் பிள்ளைத்தாய்ச்சியானாள். மாரி காலம். நாள் கிட்டியிருந்த நேரத்தில், தொட்டிலுக்கு மரம் பார்க்கப் போகிறேன் என்று நோபேட் தோணியை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் செங்கலடிக்குப் போனான். பகலுக்குள் வந்துவிடுவேன் என்றான். அவன் போன கையோடு அவளுக்கு நோவு தொடங்கியது. மருத்துவிச்சி ஆச்சிப்பிள்ளை ஓடி வந்தாள். பிள்ளை பிறந்தது. அழவில்லை, மூச்சும் இல்லை. அதற்குப் பிறகு இரத்தம் நிற்கவில்லை. ஆச்சிப்பிள்ளை தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள்.

"எத்தின பிள்ளப்பேறு பாத்திரிக்கன். இப்பிடி நிக்காத ரெத்தத்த நான் காணல்ல, புள்ள. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க கா" என்றாள்.

எதில் கொண்டு போவது? எங்கள் ஊர் இருக்கும் படுவான்கரையில் இருந்து ஆசுபத்திரிக்கு ஆற்றைக் கடக்க வேண்டும். வெளியாட்கள் வாவி என்பார்கள், எங்களுக்கு அது ஆறு. எங்கள் தோணி அக்கரையில் கட்டிக் கிடந்தது. மற்றத் தோணிகள் மீனுக்குப் போயிருந்தன. தரைப்பாதை வெள்ளத்துக்குள். நான் கரைக்கும் வீட்டுக்கும் ஓடினேன். கடைசியாக ஓடி வந்தபோது ஆச்சிப்பிள்ளை அவள் கண்ணை மூடிவிட்டிருந்தாள்.

பொழுதுபடும் நேரம் நோபேட் வந்தான். தோளில் பலகை, வாயில் சாராய மணம். முற்றத்தில் ஆட்களைக் கண்டு, "பிள்ள பிறந்திட்டா அக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. உங்களுக்குக் காரணம் வேண்டுமென்றால் அதை எழுதுங்கள்.

பங்குச் சுவாமி பூசையில் கர்த்தரின் சித்தம் என்றார். ஊர் விதி என்றது. அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். செங்கலடியில் யாரோடு உட்கார்ந்து குடித்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. சின்ன வயதிலேயே அப்படித்தான்.

அதன்பிறகும் அவன் அதே வீட்டில் இருந்தான். வேறு எங்கே போவான்? நான் சமைத்தேன், அவன் சாப்பிட்டான். அவன் சோற்றைப் பிசையும் சத்தம், முற்றத்தில் வாள் இழுக்கும் சத்தம், கொஞ்சக் காலத்தில் திரும்பத் தொடங்கிய சீழ்க்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மெசினை மிதித்தேன். குடி மட்டும் கூடியது. ஒரு காலையில் கிணற்றடியில் இரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தான். அயல்வீட்டு யோசேப்பண்ணன் தோணியில் ஏற்றினார். இந்த முறை தோணி இருந்தது. இவனுக்கு இருந்தது. அதையும் நான் கவனித்தேன்.

ஆசுபத்திரியில் டொக்டர் சாலிஹ்தான் அவனைக் காப்பாற்றியது. ஏறாவூர்ப் பிள்ளை, வயது குறைவு, பொறுமை கூட. வீட்டுக்கு விடும் நாளில் என்னைத் தனியாக மேசைக்குக் கூப்பிட்டார். நோபேட் கட்டிலில் நித்திரை.

"அக்கா, ஆம்பிளையளுக்குச் சொன்னா இந்தக் காதால கேட்டு மத்தக் காதால விட்டுருவாங்க. நீங்கதான் சமைச்சிக் குடுக்கிற. அதால உங்கட்டச் சொல்றன்."

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல்லும் எனக்குத் தப்பவில்லை. இவனுக்கு வயிற்றுக்குள் புண். சாராயம் ஆகாது, உறைப்புக் குறைய வேண்டும். ஆனால் எல்லாவற்றையும்விட அந்த நோவுக் குளிசை, கடையில் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிற அஸ்பிரின், அதை இவன் தொடவே கூடாது. தோள் நோவுக்கு இவன் அதை அள்ளிப் போட்டிருக்கிறான், சாராயத்தோடும் போட்டிருக்கிறான், பாதிப் புண் அதால் வந்தது. நல்ல சுகதேகிகூடச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதை, நிறையத் தண்ணீரோடு, தேவைக்குக் கொஞ்சமாக, ஒன்றிரண்டு நாளைக்குத்தான் போடலாம். நாள்கணக்காகப் போடுகிற சாமானில்லை. இவனுக்கு அதுவும் கூடாது. நோவென்றால் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுங்கள், தாங்காவிட்டால் இங்கே கூட்டி வாருங்கள், வயிற்றுக்குக் கெடுதல் இல்லாத வேறு மருந்து நான் தருவேன் என்றார். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் உள்ளே இரத்தம் போகிறது என்று அர்த்தம், அன்றைக்கே தோணியேற்றுங்கள் என்றார்.

"விளங்கிச்சா அக்கா? மறக்காம அவருக்குச் சொல்லுவீங்கதானே?"

"ஓம் டொக்டர். சொல்லுறன்."

சொல்லத்தான் நினைத்தேன். பொய்யில்லை. தோணியில் வரும்போது நோபேட்டே கேட்டான்.

"டொக்டர் என்ன சொன்னவரு அக்கா?"

"சாராயம் கூடாதாம். உறைப்புக் கூடாதாம்."

"மறுகா?"

நான் தண்ணீரைப் பார்த்தேன். பீற்றிசால் கடைசியில் போய்ச் சேர முடியாத அக்கரை எங்களுக்குப் பின்னால் இருந்தது. அவன் அங்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்தான், முகத்தில் வெயில் பட.

"அவ்வளவுதான்" என்றேன்.

அன்று செய்தது அவ்வளவுதான், ஐயா. மற்றது தானாக வந்தது.

அவன் திருந்திவிட்டான். இது நான் எதிர்பாராதது. சாராயத்தை விட்டான். உறைப்பில்லாத கறியைப் பிள்ளை மாதிரிச் சாப்பிட்டான். கோயிலுக்குப் போனான். சவக்காலைக்குப் போய்ப் பீற்றிசின் கல்லறையில் புல் பிடுங்கினான். ஊர் இன்னும் மெச்சியது. அவளுக்குத் தேவைப்பட்ட நாளில் இல்லாத புத்தி, அவள் செத்த பிறகு வந்து யாருக்கு என்ன பயன்? அவன் குடித்துத் திரிந்தபோது எனக்கு இருந்த கோபத்தைவிட, நல்லவனாக நடந்தபோது வந்த கோபம் பெரிது.

போன அறுவடை முடிந்த கையோடு ஒரு பெரிய தோணி வேலை வந்தது. தோள் நோவு திரும்ப வந்தது. வாளை வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, முந்திப் போட்ட குளிசை இரிக்கா? தோள் கழருது. அது வகுத்துக்கு ஒண்டும் செய்யாதுதானே?"

"ஒண்டும் செய்யாது. டொக்டரே நோவெண்டா போடச் சொன்னவர்."

சந்திக் கடைக்குப் போய் வாங்கினேன். கடைக்காரர் கச்சி முகம்மதுக் காக்காவை இதில் இழுக்காதீர்கள். அவர் எல்லாருக்கும் விற்பதுபோல்தான் விற்றார். "சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்க தங்கச்சி" என்றும் சொன்னார். நல்ல மனுசன்.

நான் விடியக் கொடுத்தேன், வெறும் தேத்தண்ணியோடு. அவன் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டுக்கு முன் கொடுத்தேன். வாய்க்குள் திணிக்கவில்லை. கையை நீட்டினான், வைத்தேன். "அக்கா இல்லாட்டி நான் இந்த வேலய முடிச்சிருக்க மாட்டன்" என்று ஆட்களிடம் சொன்னான். நோவு உண்மையில் குறைந்தது. அது நல்ல குளிசைதான். தக்க ஆளுக்குத் தக்க மாதிரிக் கொடுத்தால் நல்லது. டொக்டரும் அதைத்தானே சொன்னார்.

பிறகு அவன் முகம் வெளுத்தது. படியேற மூச்சு வாங்கியது. ஒரு காலையில் வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் சொன்னான், வெளிக்குப் போனால் கறுப்பாகப் போகிறது என்று. அவனுக்கு அம்மா இல்லை, மனுசி இல்லை, சொல்ல வேறு யாரும் இல்லை.

"கீரை கூடச் சாப்பிட்டா அப்பிடித்தான்" என்றேன்.

அவன் நம்பினான். அன்றைக்கே தோணியேற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏற்றவில்லை. அன்றும் குளிசையைக் கொடுத்தேன். இந்த இடத்தை நீங்கள் கோடு போட்டு எழுதலாம். நான் மறுக்கவில்லை.

அவன் அந்தத் தோணியின் பக்கத்திலேயே விழுந்தான். மரத்தூள் எல்லாம் சிவந்து போயிற்று. யோசேப்பண்ணன் துடுப்புப் போட, நான் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். பாதி ஆற்றில் கண் திறந்தான்.

"டொக்டரிட்டச் சொல்லுங்க அக்கா. நான் குடிக்கவே இல்ல. சத்தியமா ஒரு சொட்டும் குடிக்கல்ல. அவர் கோவிப்பாரு."

"சொல்லுறன்" என்றேன்.

கரை தெரியும்போது உயிர் போய்விட்டது. யோசேப்பண்ணன் துடுப்பைப் போட்டுவிட்டுக் கத்தி அழுதார். நான் அவன் வாயைத் துடைத்துவிட்டேன். வேறென்ன செய்வது?

டொக்டர் சாலிஹ் அவனைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். "அக்கா, நான் சொன்னத அவருக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். குளிசை கொடுத்தீர்களா என்றார். ஓம் என்றேன். அவர்தான் உங்களைக் கூப்பிட்டார். அவர் செய்தது சரி.

நோபேட்டைக் கொன்றது நான். தெரிந்தே கொன்றேன். என் தங்கச்சியை அவன் சாகவிட்டான், அதனால் அவனை நான் சாகவிட்டேன். கோர்ட்டிலும் இதையே சொல்வேன்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள். டொக்டர் தன் வாக்குமூலத்தில் ஏதோ சொல்லியிருக்கிறாராம், அன்று மேசையடியில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது என் முகம் மாறியது, கதிரையைப் பிடித்தேன், தண்ணீர் தந்தார் என்று. அது ஒன்றுமில்லை. அவர் போகிற போக்கில் ஒரு கதை சொன்னார். அந்தக் குளிசை இரத்தத்தை உறையவிடாதாம், வெட்டுப்பட்டால்கூட நிற்கச் சுணங்குமாம், அதனால் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, அதுவும் கடைசி மாதத்தில், கொடுக்கவே கூடாதாம்.

பீற்றிசுக்கு நாரி நோவு, இடுப்பை நிமிர்த்த முடியாது. நெளிந்து நெளிந்து அழுவாள், பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைசி மாதம் முழுக்க நான்தான் அந்தக் குளிசையைக் கொடுத்தேன், காலையும் மாலையும். நோபேட் ஒருநாள் கேட்டான், பிள்ளை வயிற்றில் இருக்கிறபோது இது சரியா, டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுப்போமா என்று. உனக்கென்ன தெரியும், பேசாமல் இரு என்றேன்.

ஆனால் அது வேறு, ஐயா. அவளுக்கு நான் கொடுத்தது பாசத்தில். அன்று தோணி கரையில் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். பீற்றிசைக் கொன்றது நோபேட்தான். நீங்கள் எதை மாற்றி எழுதினாலும், அதை மட்டும் மாற்றாமல் எழுதுங்கள்.