பாடத்திலிருந்து மூன்று சான்று

—அஞ்சுக்கு அஞ்சா! தாளாளர் வள்ளல் இல்லேன்னு எழுதின பொண்ணுக்கு, தாளாளரான என் பள்ளிக்கூடத்துலயே அஞ்சுக்கு அஞ்சா, குணசுந்தரி?

—ஆமா ஸார். கேள்வியே அஞ்சு மார்க்குதான். ஆறு போட முடியல.

—பாத்தீங்களா ஹெச்.எம்.? உங்க டீச்சரோட வாயப் பாத்தீங்களா?

—உக்காருங்க ஸார். ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, இப்பத்தான் கரண்ட் வந்துச்சு. குணா, நீயும் உக்காரு.

—வேணாம் ஐடா மேடம். காலைலேர்ந்து ஆறு பீரியட். உக்காந்தா தூங்கிடுவேன்.

—மைக்ல சொன்னேன்ம்மா! அசெம்பிளில, மொத்தப் பிள்ளைங்க முன்னாடி, "முழு மார்க் வாங்குற பதில் வெள்ளி விழா மலர்ல என் போட்டோவுக்கு எதிர்ப்பக்கம் வரும்"னு இந்தப் பாண்டுரங்கன் வாய்விட்டுச் சொன்னான். விழாவுக்குச் சீஃப் கெஸ்ட்டா வர்ற பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனா பக்கத்துல ஒருத்தன் உக்காந்து வரி வரியா கன்னடத்துல சொல்லுவான். புரியுதா இல்லியா?

—புரியுது ஸார். அதுக்காகத்தானே ஏழாங்கிளாஸ் பாடப்புத்தகத்த மூடி வச்சிட்டு, பரிட்சைக்கு உங்க சுயசரிதைப் புத்தகத்துலேர்ந்து எட்டு பக்கம் குடுத்தோம். நீங்க சொன்னபடி.

—நான் சொன்னபடிதான்! பெங்களூர்லேர்ந்து ஒரு ஆளு வந்து ட்ரெய்னிங் குடுத்தாரே, பிள்ளைங்க வாய்க்கு வந்ததச் சொல்லக்கூடாது, எதச் சொன்னாலும் பாடத்துலேர்ந்து சான்று காட்டணும்னு. அப்பவே சொன்னேன், நம்ம "கொடையே என் மூச்சு" இருக்கறப்ப வேற பாடம் எதுக்குன்னு. சான்று அதுல கொட்டிக் கிடக்குது.

—கேள்வியும் நீங்க குடுத்ததுதான் ஸார். "தாளாளர் ஒரு வள்ளல். ஒப்புக்கொள்கிறாயா? மூன்று சான்று காட்டு." ஒப்புக்கொள்கிறாயான்னு கேட்டா பதில் ரெண்டு உண்டு ஸார்.

—அது மரியாதைக்குக் கேக்கறதும்மா! பந்தியில "சாம்பார் போதுமா"ன்னு கேக்கறதில்லியா, அந்த மாதிரி!

—மத்த பிள்ளைங்க ஒப்புக்கிட்டாங்க ஸார். குணா, ஸாருக்கு அதச் சொல்லேன். கொஞ்சம் மனசு ஆறட்டும்.

—நாப்பத்தோரு பேர் ஒப்புக்கிட்டாங்க ஸார். "வள்ளல். ஏனெனில் பாடத்தில் அப்படித்தான் உள்ளது." ஒருத்தன் மட்டும் "அட்டைப் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது"ன்னு எழுதியிருந்தான். ஆளுக்கு ஒரு மார்க் போட்டேன். கோரமண்டல் ஸ்டேஷன்ல ரயில் ஏறி, பங்காருபேட்டை வரைக்கும் நின்னுக்கிட்டே ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே வந்தேன். கண்ணு சொக்கிப் போச்சு. அமலா பேப்பர் வந்தப்பத்தான் முழிச்சேன்.

—யார் வீட்டுப் பொண்ணு அது?

—மாரிக்குப்பத்துல தங்கச் சுரங்கத்து லைன் வீடு ஸார். அப்பாவுக்கு பெங்களூர்ல செக்யூரிட்டி வேலை.

—அப்ப எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். யூனியன்காரன்.

—சுரங்கம் மூடி இருபத்தஞ்சு வருஷம் ஆவுது ஸார். யூனியன் எங்க இருக்குது?

—ரத்தத்துல இருக்குதும்மா! படி. அப்படி இன்னா சான்று கண்டுபிடிச்சிட்டா அந்த ஏழாங்கிளாஸ், பாண்டுரங்கன் காதால கேக்கட்டும்.

—முதல் சான்று. "'எங்கள் கடை வாசலில் மண்பானை வைத்துத் தாகம் தணித்தேன். பொருள் வாங்கிய எவரும் வறண்ட நாவோடு திரும்பியதில்லை' என்று பாடத்தில் உள்ளது. ஆகவே, பொருள் வாங்காதவர் அப்படித் திரும்பியிருக்கலாம்."

—இது... இது நடை அழகும்மா! எழுதறப்ப அப்படித்தான் ஒரு ஓட்டத்துல வரும்!

—ரெண்டாவது. "'சுரங்கம் மூடிய ஆண்டு, ஊரை விட்டுச் சென்ற குடும்பங்களின் பித்தளை அண்டாக்களைப் பாதி விலைக்கு வாங்கி, ரயிலில் அவர்கள் சுமக்கவிருந்த பாரத்தைக் குறைத்தேன்' என்கிறார். பாரம் குறைந்தது உண்மை. அண்டாவும் குறைந்தது."

—அன்னிக்கு வேற எவன் வாங்கினான்? ராபர்ட்சன்பேட்டை பஜார் மொத்தமும் கதவச் சாத்திக்கிச்சு. நீங்க சொல்லுங்க ஹெச்.எம்., வேற ஒருத்தன் வாங்கினானா?

—இல்ல ஸார். நீங்க மட்டுந்தான் வாங்கினீங்க. எங்க வீட்டு அண்டாவும் உங்க கடைக்குத்தான் வந்துச்சு.

—பாத்தியா! ஹெச்.எம். வீட்டு அண்டாவே வந்திருக்குது! இதவிட இன்னா சான்று வேணும்?

—மூணாவது ஸார். "'பள்ளிக்கு நிலம் தந்த அம்மையாரின் பெயர் இப்போது நினைவில் இல்லை. ஆனால் முதல் செங்கல்லை வைத்த என் கை இன்னும் மணக்கிறது.' கொடுத்தவர்தான் வள்ளல் என்றால் அந்த அம்மையார்தான் வள்ளல். அவர் பெயரைப் பாடம் சொல்லவில்லை."

—ஸார்? ஸார், இந்தாங்க, தண்ணி குடிங்க.

—இந்த வரியெல்லாம் என் புத்தகத்துல இல்ல.

—இருக்குது ஸார். பக்கம் போட்டிருக்கா. பதினொண்ணு, பதினாலு, பதினஞ்சு.

—அப்ப அச்சுப்பிழை.

—மூணு வரியுமா ஸார்? கடைசியா உங்க புத்தகத்த எப்ப படிச்சீங்க?

—என் புத்தகத்த நான் எதுக்கும்மா படிக்கணும்? நான்தான் வாழ்ந்தே முடிச்சிட்டேனே!

—ஸாருக்கு பி.பி. இருக்குது குணா. மெதுவா பேசு.

—மெதுவாத்தான் மேடம் பேசறேன். சத்தம் போடத் தெம்பில்ல.

—சரி, பேச்ச வளக்காத. சிவப்புப் பேனாவ எடு. அஞ்ச அடிச்சிட்டு சைபர் போடு. முடியாதுன்னா திங்கக்கிழமை இந்த கேட்டுக்குள்ள கால் வைக்காத. அவ்வளவுதான்.

—குணா, உனக்கு ரெண்டு பசங்க. யோசிச்சு சொல்லு.

—பேனா கையிலதான் மேடம் இருக்குது. அடிச்சிடலாம், ரெண்டு கோடு. ஆனா மார்க் குறைச்சா பக்கத்துல காரணம் எழுதணுமே. டீச்சருங்களும் சான்று காட்டித்தான் மார்க்கக் குறைக்கணும்னு போன மாசம் ஸார்தான் சர்க்குலர் போட்டார். சொல்லுங்க ஸார், இன்னா எழுதட்டும்?

—"மாணவி பாடத்தைப் படிக்கவில்லை."

—அவ ஒருத்திதான் படிச்சிருக்கா ஸார்.

—"மாணவிக்கு மரியாதை தெரியவில்லை."

—உங்கள எல்லா எடத்துலயும் "அவர்"னுதான் எழுதியிருக்கா ஸார்.

—இரு, இரு. எழுது. "இதற்கு நேர்மாறான சான்றுகள் பாடத்தில் ஏராளமாக உள்ளன." ஆங்! அதப் போடு!

—போட்டுட்டேன். ஏராளமாக உள்ளன. எந்தெந்தப் பக்கம் ஸார்?

—எல்லாப் பக்கமும்!

—அப்படிப் போட்டா அமலா வந்து கேப்பா ஸார், அது சான்று இல்லியேன்னு. நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். மூணு வரி போதும், பக்கத்தோட. அந்த எட்டு பக்கந்தான்னு இல்ல, மொத்தப் புத்தகத்துல எங்கேர்ந்து வேணா எடுங்க. நீங்க யாருக்காச்சும் ஒண்ணு குடுத்ததா மூணு வரி. காட்டினீங்கன்னா அவ மார்க்க நானே அடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடறேன். காட்ட முடியலேன்னா அவ பதில் மலர்ல வரட்டும்.

—பாண்டுரங்கன்கிட்ட சவாலா? ஒரு ஞாயித்துக்கிழமை போதும் எனக்கு! திங்கக்கிழமை முதல் மணிக்குள்ள மூணு இல்ல, முப்பதோட வரேன். அவளுக்கு சைபர், உனக்கு கேட். ஹெச்.எம்., நீங்கதான் சாட்சி.

—ஆவட்டும் ஸார். மூணு கிடைக்கலேன்னா அஞ்சு மார்க்கும் அப்படியே இருக்கும், குணாவும் இருப்பா. அதானே ஸார் பேச்சு?

—கிடைக்காமப் போனாத்தானே! ஒரு புத்தகம் குடுங்க. வீட்ல எங்கியோ வச்சேன், தெரியல.

—ஸ்டோர் ரூம்ல முந்நூறு இருக்குது ஸார். சுரங்கத்துச் சயனைட் மேட்டு மண்ணு காத்துல வந்து ஏறிக் கிடக்கும். தட்டிட்டுத் தரச் சொல்றேன்.

—தட்டவேணாம், அப்படியே குடுங்க. நேரம் ஆவுது.

—படி பாத்து இறங்குங்க ஸார்.

—போயிட்டாரா மேடம்?

—கார்ல ஏறிட்டார். கண்ணாடியப் போட்டுக்கிட்டு இப்பவே புரட்ட ஆரம்பிச்சிட்டார்.

—எனக்கு இது தேவையா மேடம்? பேசாம ஒரு சைபர் போட்டிருந்தா இந்நேரம் ரயில்ல சாஞ்சுக்கிட்டுப் போயிருப்பேன். நூத்தம்பது பக்கப் புத்தகம். ஒரு நாள் முழுக்கத் தேடினா மூணு வரி சிக்காமயா போயிடும்? ஒரு மனுஷன் அறுபத்தெட்டு வருஷத்துல இன்னாத்தையாவது குடுத்திருக்க மாட்டாரா? திங்கக்கிழமை சர்ட்டிபிகேட் ஃபைலத் தூக்கிக்கிட்டு வேற பள்ளிக்கூட வாசல்ல நிக்கணும். இந்த வயசுல டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டச் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?

—வீட்டுக்குப் போய் தூங்கு குணா. திங்கக்கிழமை எப்பவும் போல வா. ரெண்டாவது பீரியட் உனக்கு ஏழாங்கிளாஸ்.

—அதெப்படி மேடம் இவ்வளவு தைரியமா சொல்றீங்க?

—அந்தப் புத்தகத்த எழுதினதே நான்தான். ஒரு லீவு முழுக்க அவர் வீட்டு ஹால்ல உக்காந்து, "யாருக்காச்சும், எப்பவாச்சும், ஏதாச்சும் குடுத்திருக்கீங்களா ஸார்"னு கேட்டுக் கேட்டு எழுதினேன். கிடைச்சதுலயே நல்லது அமலா எழுதின அந்த மூணுதான்.