பூசணிக்காயில் ஓர் ஓட்டை

இந்த நாற்காலி பிளாஸ்டிக்தானே சார்? பரவாயில்லை, நான் நின்றுகொண்டே சொல்கிறேன். பழக்கதோஷம்.

என் புழுக்களைப் பற்றிக் கண்டபடி பேசுகிறார்களாம். அவை பிளாஸ்டிக்கைத் தவிர வேறெதையும் தின்பதில்லை. பை, மூடி, உடைந்த வாளி, எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் தின்று பொடியாக்கிவிடும். எங்கள் வீட்டில் அவ்வளவு சமர்த்தாக யாரும் சாப்பிட்டதில்லை. ஒருமுறை முழுப் பூசணிக்காய்க்குள் பிளாஸ்டிக் கரண்டியைச் செருகித் தொட்டியில் வைத்தேன். காலையில் கரண்டியைக் காணோம். காயில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. துருவிய சதையை அவை தின்னவில்லை. அழகாக வெளியே தள்ளியிருந்தன. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

தொட்டிகளை வைத்துக்கொள்ளத் தன் பழைய பொருள் கிடங்கின் பின்னறையைக் கொடுத்தவர் அத்தான், என் அக்கா கணவர். நல்ல மனிதர். சில புழுக்கள் தப்பிப்போய் மின்கம்பிகளின் மேலுறையைத் தின்றதில் கிடங்கே இருண்டு, ஒரு வேலையாளுக்கு ஷாக் அடித்துவிட்டது. உடனே பூச்சிமருந்து டப்பாவோடு வந்து நின்றார்.

“புழு மேல காட்டுற பாசத்துல பாதியைப் பொண்ணு பார்க்கிறதுல காட்டியிருந்தா உனக்கு இந்நேரம் ரெண்டு புள்ள இருக்கும், மச்சான். தள்ளு, ஒண்ணு விடாம காலி பண்ணிடறேன்.”

“அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டு வாங்க, அத்தான்.”

டப்பாவை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். நான் இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினேன். கொஞ்சம் பழகினால் மனம் மாறுவார் என்றுதான். சில நாட்களாகப் புழுக்களுக்கு நான் இரை போடவில்லை. தொட்டி மூடிகளையும் அன்று காலையிலேயே எடுத்துவிட்டிருந்தேன். காற்றோட்டத்துக்காக.

“மச்சான், விளையாடாத. கதவைத் திற. மேல ஏறுதுங்கடா.”

“சட்டை பாலியஸ்டர், அத்தான். கழட்டிப் போட்டுடுங்க.”

நல்லதைத்தான் சொன்னேன். உள்ளே சாரல் விழுவதுபோல ஒரு சத்தம். அது மெல்லும் சத்தம்.

“கழட்டிட்டேன். செருப்பையும் தூக்கிப் போட்டுட்டேன். எங்கிட்ட ஒண்ணுமே இல்லடா. அப்புறம் எதுக்குடா எல்லாம் வயித்துலயே வந்து மொய்க்குது?”

சாவி நழுவிவிடக் கூடாதே என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வயிற்று விஷயம் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்று நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். போன வருடம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது துணைக்கு இருந்தது நான்தான். வயிற்றுக்குள் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்திருக்கிறோம் என்று டாக்டர் விளக்கினார். வெட்டியதுபோக மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி வந்து தொட்டியில் போட்டேன். வேறெதையும் அவை அவ்வளவு ஆசையாகத் தின்று நான் பார்த்ததில்லை.

சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் கதவைத் திறந்தேன். வலை இல்லை. மற்றதெல்லாம் பக்கத்திலேயே, அழகாக வெளியே தள்ளப்பட்டிருந்தது.

அக்கா என் முகத்தில் விழிக்க மறுக்கிறாள். நீங்களாவது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள் சார், அத்தானை அவை ஒரு வாய்கூடத் தின்னவில்லை.