அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்

பணியாளர் மன்றத்தின் தலைமை இருக்கையை அலங்கரிக்கும் ஐயா அவர்களே! ஊசி முனையில் குடும்பத்தைத் தாங்கும் தையல் பிரிவுத் தாய்மார்களே! கொதிக்கும் ஆவியிலும் சிரிக்கும் இஸ்திரிப் பிரிவு மூத்தோரே! "சீக்கிரம் முடிங்க மாஸ்டர்" என்று பின்வரிசையில் இப்போதே முணுமுணுக்கும் தம்பிகளே! உங்கள் கட்டிங் மாஸ்டரின் வணக்கம்.

நம் செக்கிங் அக்காவை அறியாதவர் உண்டா? பொத்தானை இழுத்துப் பார்க்காமல் ஒரு சட்டையையும் வெளியே விடாதவர். போன மாதம் வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே ஐந்நூறு குழந்தைச் சட்டைகள். அக்கா கையைக் குறுக்கே நீட்டினார்.

"பொத்தான் கையோட வருது. குழந்தை வாயில போட்டா யாரு பதில் சொல்றது?"

லாரி நின்றது, நாம் கைதட்டினோம். அவரை 'ஸ்பீடு பிரேக்கர்' என்று நாம் செல்லமாக அழைப்பது வழக்கம். அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். அந்தக் காட்சியைப் படம்பிடித்து, அந்தப் பெயரையே சூட்டி, இணையத்தில் ஏற்றியவன் யார்? இதோ நிற்கிறேன்.

ஏறியது படம், மாறியது சொல்! கை நீட்டிய நொடியை மட்டும் யார் யாரோ வெட்டி எடுத்துப் பரப்பினார்கள். பொத்தான் போயிற்று, அக்கறை போயிற்று, கேலி மிஞ்சிற்று. மெதுவாக நடக்கும் பெரியவர் ஸ்பீடு பிரேக்கராம். அக்கா மகளின் வகுப்பில் திக்கித் திக்கிப் பேசும் மாணவிக்கும் அதே பட்டமாம். அந்தப் பிள்ளை வாயே திறப்பதில்லையாம்.

அக்கா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீடு தேடிப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"என்னைச் சொன்னா போகட்டும் மாஸ்டர். என் பேரை வெச்சு யார் வீட்டுப் பிள்ளையையோ அழ வைக்கிறாங்க. நான் எந்த முகத்தோட அங்க வந்து உக்காருவேன்?"

"படத்தை எடுத்துட்டேன் அக்கா."

"ஊரெல்லாம் போனதுக்கு அப்புறமா?"

திரும்பி வந்தேன்.

பிறகு நாம் நாற்பது பேர், மதிய இடைவேளைகளில், அந்தப் படம் கண்ட இடமெல்லாம் முழுக்கதையை எழுதினோம். வசைக்கு வசை எழுதவில்லை. நம்மையும் திட்டினார்கள், என் மீசையைக்கூட விடவில்லை. சிரியுங்கள், பரவாயில்லை.

நேற்று அக்கா மகள் வந்து சொன்னாள்: வகுப்பில் பட்டம் சூட்டிய பெண்ணே நாம் எழுதிய கதையைப் படித்துவிட்டு, அந்த மாணவியிடம் போய், "தெரியாம சொல்லிட்டேன், இனி யாரையும் சொல்ல விடமாட்டேன்" என்றாளாம். அந்தப் பிள்ளை எழுந்து பாடம் வாசித்திருக்கிறாள். வகுப்பு முழுவதும் காத்திருந்து கேட்டிருக்கிறது.

கெட்ட சொல்லை மீட்க முடியுமா? முடியும்! கெடுத்தவை மனிதர் கைகள் என்றால், மீட்பவையும் மனிதர் கைகளே!

மகளோடு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அக்கா, கேட்காமல் உங்கள் படத்தைப் போட்டது என் தவறு. இந்தச் சபை முன் மன்னிப்புக் கேட்கிறேன். திங்கட்கிழமை வேலைக்கு வருவீர்களா? அந்தப் பெயரை இனி நாங்கள் சொல்லவே மாட்டோம்.

ஏதோ சொல்கிறார்... மைக்கை அவரிடம் கொடுங்கள் அம்மா.

"வர்றேன் மாஸ்டர். பேரை மட்டும் விட்டுடாதீங்க. நாம விட்டுட்டா அது கேலி பண்றவங்க கையிலயே இருந்துடும்."

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? அக்காவுக்கும் அவைக்கும் என் நன்றி, வணக்கம்.