நாரைப் பஞ்சு

– ஒரே நாள்ல மூணு சாக்குப் பஞ்சா? என்ன அண்ணே, நாரைங்களே வரிசையில நின்னு குடுத்துச்சா?

– அப்படித்தான் வச்சுக்கயேன் தங்கச்சி. பதினஞ்சு வருஷமா நாரை புடிக்கிறேன், இந்த மாதிரி வேட்டை கண்டதில்ல. தொட்டுப் பாரு. வாலுக்கடியில புடுங்கின பஞ்சு இறகு. சுத்த வெள்ளை.

– பஞ்சு நல்லாத்தான் இருக்கு. நாத்தம்தான் தாங்கல. கழுவி, ஆவி காட்டி, கவுன் கழுத்துல வச்சுத் தைச்சுட்டா, போட்டுக்கிற மகராசி கன்னத்தோட சேத்து வச்சுக் கொஞ்சுவா. குப்பைமேட்டுல அழுகினதைத் தின்னுட்டு ஆளுயரத்துக்கு நிக்கிற மொட்டைத்தலை நாரையோடதுன்னு அவளுக்கு யாரு சொல்றது?

– அதெல்லாம் நமக்கெதுக்கு? சாக்கைக் கொட்டிக்க. நான் கிளம்பணும்.

– உக்காருங்கண்ணே. எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏதாச்சும் காதுல விழுந்துச்சா? இன்னியோட அஞ்சு நாளு.

– மாப்ளையா? வந்துடுவான் தங்கச்சி. கோவம் ஆறினா வருவான்.

– என்ன கோவம்? திங்கக்கிழமை சிரிச்சுக்கிட்டே கிளம்பின மனுஷன். அன்னிக்கு மழையில குப்பை சரிஞ்சப்போ அவரு அங்கதான் இரும்பு பொறுக்கிட்டிருந்தாருன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். குப்பைமேட்டு மேஸ்திரி என்னடான்னா, எவகூடயோ ஓடிட்டான்ங்கிறான். ஓடுற ஆளு மாத்துச் சட்டைகூட எடுக்காமலா ஓடுவாரு?

– அவன் வாயி அப்படி. விட்டுத்தள்ளு.

– எப்படிண்ணே விடுறது? எந்தப் பக்கம்னு ஒருத்தர் கை காட்டினாப் போதும், நானே மம்பட்டி எடுத்துட்டுப் போயித் தோண்டிருவேன். மலை மாதிரி கிடக்கு. எங்கன்னு தோண்டுவேன்?

– அழாத தங்கச்சி.

– அழல. இவ்ளோ நாரை எங்க சிக்குச்சு?

– மேட்டுலதான்.

– மேட்டுல எங்க?

– கிழக்குச் சரிவுல. எல்லாம் ஒரே எடத்துல கூடி நிக்குது. விரட்டினாலும் போகல. வயிறு முட்டத் தின்னுட்டுப் பறக்க முடியாம நிக்குது. வலையே தேவைப்படல, கையாலயே புடிச்சேன்.

– என்னத்தைத் தின்னுது?

– மாடு கீடு ஏதாச்சும் இருக்கும்.

– பாத்தீங்களா?

– கிட்டப் போகல.

– இப்பத்தானே கையால புடிச்சேன்னீங்க?

– ஊசியைக் கீழ வை தங்கச்சி. விரல்ல ஏறிடுச்சு பாரு. ரத்தம்.

– ஏறட்டும். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. என்னிக்குலருந்து கூடி நிக்குது?

– புதன்கிழமைலருந்து.

– அதுக்கு முன்னால?

– அப்போ ஒண்ணும் தின்னல. ரெண்டு மூணு மட்டும் சுத்தி நின்னு கீழயே பாத்துக்கிட்டிருந்துச்சு.

– எதுக்குக் காத்துக்கிட்டு நின்னுச்சு?

– எனக்கென்ன தெரியும்? செவ்வாக்கிழமை சாயந்தரம் சரிவுப் பக்கம் போனப்போ, ஏதோ முனகுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. சத்தியமா சொல்றேன் தங்கச்சி, நாரைதான் கத்துதுன்னு நெனச்சேன். பக்கத்துல போனா கலைஞ்சுடுமேன்னு திரும்பிட்டேன்.

– நாரைக்கு ஏதுண்ணே குரல்? அது கத்தாது, அலகைத்தான் தட்டும்னு எனக்குச் சொன்னதே நீங்கதானே?