டிஸ்பென்சரி வண்டியில் புகை

நீங்கள் கொடுத்த டீ நன்றாக இருக்கிறது சார். ஆனால் இது எங்கள் எஸ்டேட் தூள் இல்லை. டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் ஃபாக்டரியில் வாங்கிய தூள்தான் என்று ஏட்டையா சொல்கிறார். இருக்கலாம், கடைக்காரன் வேறு எதையாவது கலந்திருப்பான். மூக்கு விஷயத்தில் நான் லேசில் தப்பு பண்ணுகிறவன் இல்லை.

என் பெயர் சங்கையா. மூணாறுக்கு மேலே அந்த எஸ்டேட்டில் பதினோரு வருஷமாக மெக்கானிக். அதற்கு முன்னால் கஞ்சிக்கோட்டில் ஒரு லாரி ஷெட்டில் இருந்தேன். இன்றைக்கு என்னை யாரும் இங்கே கூப்பிடவில்லை. வண்டியைப் பார்த்த வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர், அதில் முன்பு எந்தக் கோளாறும் இருந்ததில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அது தப்பு. அதைச் சொல்லத்தான் காலை பஸ்ஸில் இறங்கி வந்தேன்.

வண்டி என்றால் டிஸ்பென்சரி ஜீப். பெட்ரோல் வண்டி. பின்னால் தகரத்தில் பெட்டி மாதிரி கூடு கட்டியிருக்கும். உள்ளே ஒரு பெஞ்சு, மருந்துப் பெட்டி வைக்க இடம். டிரைவருக்கும் பின்கூட்டுக்கும் நடுவில் தகரத் தடுப்பு. பின்பக்கம் கதவு கிடையாது, படுதாதான். மழைக்காலத்தில் படுதாவை இழுத்துக் கட்டிவிடுவோம், இல்லையென்றால் மஞ்சும் சாரலும் உள்ளே வந்து மருந்தெல்லாம் நனைந்துவிடும். பெண்கள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்வது எங்கள் தொழிலாளர் லயங்களில், வரிசை வீடுகளில், வழக்கமில்லை. மிட்வைஃப் ஆனாலும் பின்னால்தான்.

இன்பமேரி எங்கள் மிட்வைஃப். நாசரேத் பக்கத்துப் பெண். எந்த லயத்தில் யாருக்கு எத்தனையாவது மாசம் என்று அவளுக்கு மனப்பாடம். புதன்கிழமைதோறும் மேல் டிவிஷன்களுக்குப் போவாள், ஒன்றரை மணி நேர ஏற்றம். சித்திரை மாசத்தில் ஒருநாள் ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

“சங்கையாண்ணே, அந்த வண்டில போய்ட்டு வந்தாலே தலை பொளக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. புகை கிகை உள்ள வருதான்னு பாருங்களேன்.”

டிரைவர் சோலை அங்கேயே ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். “புகையுமில்ல ஒண்ணுமில்ல. முப்பத்தாறு வளைவு. பின்னால உக்காந்து போனா துரைக்கே தலை சுத்தும்” என்றான்.

நான் பின்கூட்டில் ஏறி மோந்து பார்த்தேன். “புகை திரும்பி உள்ள வருது” என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள் சார், சித்திரையிலேயே சொல்லிவிட்டேன்.

புகை எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் ஷெட்டில் மெஷின் எதுவும் இல்லை. எஞ்சினை ஓட விட்டு, ஈரச் சாக்கால் பின்குழாயை அடைத்துப் பிடிப்பேன். குழாய் முழுக்கச் சரியாக இருந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். எங்காவது விரிசல் இருந்தால் நிற்காது, விரிசல் இருக்கும் இடத்தில் சீறும். பிறகு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் கொண்டுபோவேன். கசிவு இருந்தால் பத்தியின் புகை ஆடும், கரியும் படிந்திருக்கும்.

ஈரச் சாக்கை வைத்தேன், எஞ்சின் நின்றது. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் நின்றது. பத்தி ஆடவில்லை. எந்த இணைப்பிலும் கரி இல்லை. சைலன்சரைக் கழற்றித் தட்டிப் பார்த்தேன். கேஸ்கெட் புதிது போட்டேன். நாலு புதன்கிழமை பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்குத் தலைவலி மட்டும் நிற்கவில்லை.

சில கோளாறுகள் அப்படித்தான் சார். ஷெட்டில் நல்ல பிள்ளையாக இருக்கும், ரோட்டில் போனால் தலை காட்டும். அந்த மாதிரிக் கோளாறை ஊகத்தில் தொடக் கூடாது. அதற்கு இடம் கொடுத்து, நன்றாக முற்ற விட்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆன பிறகுதான் கை வைக்க வேண்டும். இது என் முறை. கஞ்சிக்கோட்டில் முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, ஒரு லாரி விஷயத்தில் என்னை அனுப்பிவிட்டார். அந்த லாரியிலும் நான் சொன்னதுதான் சரி.

சோலை எனக்கு மூக்கையா என்று பெயர் வைத்தான். காலையில் ஆட்களை எண்ணி மஸ்டர் எடுக்கும்போது, “மூக்கையா, இன்னிக்கி மழை வருமா? மோந்து சொல்லு” என்பான். பெண்கள் கூடைக்குப் பின்னால் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் மேனேஜர் துரை ஒருநாள் ஷெட்டுக்கு வந்து, ஆனி மாசக் கடைசிக்குள் கோளாறு அகப்படாவிட்டால் வண்டியைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அங்கே யாரோ ஒருவன் சாக்கை வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுப்பான். பதினோரு வருஷம் என் வாய்ச்சொல்லை நம்பி வண்டிகளை மலையில் ஓட்டினார்கள். அதற்குப் பிறகு எவன் நம்புவான்?

ஆகவே கோளாறுக்கு இடம் கொடுத்தேன். கூட்டின் தரையில், பெஞ்சுக்கு அடியில், தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. அதில் ரப்பர் மூடி இருந்தது. அதை எடுத்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை படுதாவை இழுத்துக் கட்டச் சொன்னேன். அவள் சாயங்காலம் திரும்பி வந்தபோது கேட்டேன். “இன்னிக்கிப் பரவால்லண்ணே” என்றாள். ஓட்டையை அரத்தால் கொஞ்சம் பெரிசாக்கினேன். அதற்கடுத்த புதனும் பரவாயில்லை என்றாள்.

ஆனி மாசக் கடைசிச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளே ஷெட்டுக்கு வந்தாள். முகத்தில் கண்ணாடி இருந்தது, அன்றைக்குத்தான் கவனித்தேன். சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கோதமங்கலத்துல கண்ணு டாக்டருட்ட காட்டுனேன். பவரு கொறைஞ்சிருக்காம். இத மாட்டி மூணு வாரம் ஆச்சு, தலைவலியே இல்ல. வண்டில ஒண்ணுமில்ல போல. ஒங்களத்தான் வீணா அலைய விட்டுட்டேன். நாளைக்கி மேல போய்ட்டு வந்து துரைட்ட நானே சொல்லிருதேன்.”

“சரிம்மா” என்றேன். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

ரிப்போர்ட்டில் நீங்கள் எப்படி எழுதுவீர்களோ தெரியாது, நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். புதன்கிழமை காலையில் பிரேக் பார்க்க வேண்டும் என்று ஜீப்பை ஷெட்டுக்குள் விடச் சொன்னேன். சோலை கேன்டீனுக்குப் போனான். சைலன்சருக்கு முன்னால் கழற்றினால் சத்தம் மாறும், சோலை கண்டுபிடித்துவிடுவான். அதனால் சைலன்சருக்குப் பின்னால் இருக்கும் குழாயைக் கழற்றினேன். ஒரு வளைந்த துண்டை மாட்டி, அதன் வாயை அந்த ஓட்டைக்கு நேராகத் திருப்பினேன். ஓட்டையைச் சுற்றித் தகரம் வைத்துப் புகை வெளியே போகாமல் அடைத்தேன். பழைய குழாயின் நுனியை, பார்த்தால் தெரிகிற மாதிரி, பின்னால் அப்படியே தொங்கவிட்டேன். அரை மணி நேர வேலை.

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இன்பமேரி ஏறி உட்கார்ந்தாள். படுதாவை நான்தான் வெளியிலிருந்து கட்டினேன். கயிறு தேங்காய் நார்க் கயிறு. நனைந்தால் முடிச்சு இறுகும், உள்ளேயிருந்து அவிழ்க்க முடியாது. எனக்கு அது தெரியும். கூட்டுக்குள் ஸ்பிரிட்டும் பினாயிலும் எப்போதும் வாசம் அடிக்கும், அதில் புகை வாசம் சீக்கிரம் தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

“என்னண்ணே, கல்யாணப் பந்தல் மாதிரிக் கட்டுதீக?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

“சாரல் அடிக்கும்மா” என்றேன்.

பாதி மலையில் பின்னால் இரண்டு தடவை தட்டின சத்தம் கேட்டதாகச் சோலை உங்களிடம் சொல்லியிருக்கிறான். மருந்துப் பெட்டி உருளுகிறது என்று நினைத்தானாம். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். மேல் டிவிஷனில் படுதாவைக் கத்தியால் அறுத்துத்தான் திறந்தார்கள். அவள் பெஞ்சில் சாய்ந்த மாதிரி இருந்தாளாம். கன்னமெல்லாம் சிவப்பாக இருந்ததால் தூங்குகிறாள் என்று நினைத்து, கங்காணி தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறார். கண்ணாடி உடையவில்லை.

கீழே தகவல் வந்தபோது நான் டிராக்டரின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. அவள் நல்ல பெண், எனக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. சோலை அன்று சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து, “நீ சொன்னது சரிதாண்ணே, நான்தான் கேக்கல” என்று தலையில் அடித்துக்கொண்டான். மூன்று மாசத்தில் அன்றைக்குத்தான் அவன் என்னை மூக்கையா என்று கூப்பிடவில்லை. நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அப்போதே விஷயம் முடிந்திருக்கும். அந்த வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர்தான் வந்து, ஓட்டையின் விளிம்பில் அரம் போட்ட தடம் புதிது, குழாயை யாரோ வேண்டுமென்றே திருப்பியிருக்கிறார்கள், இதற்கு முன்பு இந்த வண்டியில் புகைக் கோளாறே இருந்ததில்லை என்று எழுதினார். அரம் போட்டது நான். குழாயைத் திருப்பியது நான். படுதாவைக் கட்டியதும் நான். அவள் சாவாள் என்று தெரிந்துதான் கட்டினேன். இதற்கெல்லாம் எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள் சார். கண்ணாடி போட்டதால் தலைவலி நின்றது என்று அவள் நினைத்துக்கொண்டாள், பாவம், அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும். அந்த வண்டிக்குள் புகை வந்தது. சித்திரையிலேயே அதைச் சொன்னவன் நான்.