படுதாவில் ஒரு பாலைவனம்

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருஷம், சாரல் காலம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் போட்டோ ஸ்டுடியோக்காரர். மற்றவர் அவருக்குப் படம் எடுக்கப் பின்னால் தொங்கவிடும் படுதா வரைபவர். நகக்கண்ணில் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"குத்தாலத்துக்கு வாறவன் அருவி முன்னால நின்னுல்லா படம் எடுப்பான். நீ எதுக்குடே பாலைவனத்தை வரைஞ்சு வச்சிருக்க?"

"அது ஸ்டுடியோவுக்கு இல்ல அண்ணாச்சி. எங்க அம்மைக்கு."

ஸ்டுடியோக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"பட்டாளத்துல இருந்த தம்பி சண்டையில ராஜஸ்தான்ல செத்தாம்லா, அங்கனயே எரிச்சிட்டாங்க. அந்த இடத்தைப் பாக்கணும்னு அம்மை அழுதுகிட்டே கெடந்தா. அவன் லீவுல வந்தப்ப சொன்னதை நெனச்சு வரைஞ்சேன். வெறும் மணலும் வானமுந்தான்."

"பாத்தாளா?"

"நேத்து பாத்தா. மணலைக் கையால தடவினா. பொறவு, 'பிள்ளை ஒதுங்க ஒரு மரங்கூட இல்லியாய்யா'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"பிரஷ்ஷை எடுத்து ஒரு வேப்பமரம் வரைஞ்சேன். பக்கத்துல உக்காந்து, 'நெழலு இன்னுங் கொஞ்சம் பெருசா விழட்டும்'னு சொல்லிக்கிட்டே இருந்தா."