எதைக் கேட்டாலும் சரி

"ஹலோ... மாமாவா? நான்தான் மாமா... ஆமா, ஆமா, உங்க மாப்பிள்ளைதான்... சாப்பிட்டேன்... இல்ல, பொய், சாப்பிடலை. அவ என் போனை எடுக்க மாட்டேங்குறா. கொஞ்சம் குடுக்குறீங்களா?... குளிக்குறாளா? மாமா, 'குளிக்குறேன்னு சொல்லுங்க'ன்னு அவ பின்னாடி நின்னு சொல்றது எனக்கே கேக்குது..."

கல்லூரிக் கணிதத் துறை அறையின் மூலையில், சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு, பேராசிரியர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். சக ஆசிரியர்கள் இருவரும் விடைத்தாள் திருத்துவதுபோல் குனிந்துகொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

"மாமா, அவர் ரொம்ப இளைச்சுப் போயிட்டார்னு மட்டும் சொல்லுங்க... ஐயோ, 'சொல்லச் சொன்னார்'ங்கிறதைச் சேர்த்துச் சொல்லாதீங்க!... அதையும் சொல்லிட்டீங்களா? ரொம்ப நல்லது மாமா... ஹலோ? சிட்டு? நீதானா? வெச்சுடாத, வெச்சுடாத. ஒரே நிமிஷம்... உங்கப்பா ஒரு சமனிச் சார்பு. உள்ள என்ன போகுதோ, அதுவேதான் வெளிய வரும்... கிண்டல் இல்லம்மா, அவராவது போட்டதைத் திருப்பித் தர்றார். நான் அதைவிடக் கேவலம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தியதும் இரண்டு சிவப்புப் பேனாக்களும் ஒரே நேரத்தில் நின்றன.

"இன்னிக்கு வகுப்புல மாறிலிச் சார்பு... ஆமா, பாடம்தான். திட்டாம கேளு. அதுல எதைப் போட்டாலும் ஒரே விடைதான். மூணு போடு, ஏழு வரும். நூறு போடு, அதே ஏழு. 'இதுக்கு நேர்மாறு கிடையாது, ஏன்னா விடையைப் பார்த்து எதைப் போட்டோம்னு திரும்பிப் போக முடியாது'ன்னு வாய் சொல்லிட்டே இருக்கு, கை பலகையில அப்படியே நின்னுடுச்சு. நம்ம சாப்பாட்டு மேஜை கண்ணு முன்னாடி வந்துடுச்சு சிட்டு. இந்தத் திரைச்சீலை நல்லாருக்கா? சரி. எனக்குத் தலை வலிக்குது. சரி. குழாய் ஒழுகுது. சரி... ஆமா, இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்கு. வாளி மாத்தி மாத்தி வைக்கிறேன்."

போன வாரம் ஒரு மாலை, அவர் விடைத்தாள் கட்டுக்குள் தலையைப் புதைத்திருந்தபோது மனைவி ஏதோ கேட்டாள். வழக்கம்போல் "சரி" என்றார். அவள் அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வளைய வந்தாள். மறுநாள் காலையில், "அப்போ எப்போ கிளம்பலாம்?" என்று ஆசையாகக் கேட்டவளிடம் இவர், "எங்கே?" என்றார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். எந்தக் கேள்விக்குச் சரி சொன்னோம் என்பது மட்டும் இன்னும் இவருக்குத் தெரியவில்லை.

"நீயே சொல்லிடேன்... நானே கண்டுபிடிக்கணுமா? சரி... இல்ல, சரி இல்ல! முயற்சி பண்றேன். புது ஃப்ரிட்ஜ்?... இல்லையா. அப்பாவைக் கூட்டிட்டு மலைக்கு எங்கேயாவது?... அதுவும் இல்லையா. என் அக்கா ஒரு மாசம் வந்து தங்குறதைப் பத்தியா?... அக்கா வர்றாங்களாவா? ஓ, அதை உங்கிட்ட நான் இன்னும் சொல்லவே இல்லையோ?... அதை விடு, அது வேற பாடம்... ஹலோ, ஹலோ, இருக்கியா?... இரு, இரு. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். நான் இத்தனை நாளா மன்னிப்புக் கேட்டதே தப்பான வரிசை. முதல்ல சாக்ஸ், அதுக்கு மேல ஷூ போட்டவன், கழட்டுறப்போ ஷூவைத்தான் முதல்ல கழட்டணும். சேர்ப்புச் சார்புக்கு நேர்மாறு எடுத்தா வரிசை தலைகீழாகும்னு வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துறேன். வீட்டுல மட்டும் ஷூவைக் கழட்டாம சாக்ஸைப் புடிச்சு இழுத்துட்டிருக்கேன். கவனிக்காததுக்கு மன்னிப்பு, 'எங்கே'ன்னதுக்கு மன்னிப்பு... ஆனா கடைசியா, நீ டாக்ஸியில ஏறுறப்போ வாசல்ல நின்னுட்டு ஒண்ணு சொன்னேனே. 'இதுக்கெல்லாமா கோபம்?'னு... ஆமா. அதான். அதுதான் ஷூ. அதை முதல்ல கழட்டுறேன். இதுக்குக் கோபப்படாம வேற எதுக்குப் படுறது? நீ பட்டது நியாயம்... அழுறியா?... சரி, அழலை. ஜலதோஷம்."

மறுமுனையில் வெகுநேரம் பேச்சு ஓடியது. இவர் "ம்", "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தடவிப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க கண் மருத்துவமனையோட புதுக் கிளைக்கு... நீ தலைமையா? வேற ஊர்லயா? இவ்வளவு பெரிய விஷயத்தையா அன்னிக்குச் சொன்னே?... 'நீங்களும் என்கூட வந்துடுறீங்களா'ன்னு... அதுக்கா நான் சரின்னேன்? அதான் அன்னிக்கு அந்தப் பாட்டா?... கடவுளே... இப்போ தனியா வர்றேன்னு மருத்துவமனையில சொல்லப் போறியா? இன்னிக்குச் சாயந்திரமே சொல்லணுமா? இரு சிட்டு. சொல்லிடாத."

மணி அடித்தது. அடுத்த வகுப்பு இவருக்குத்தான். எழுந்திருக்கவில்லை.

"உன்னை முதல்ல பார்த்த நாள் ஞாபகம் இருக்கா? பரிசோதனை நாற்காலியில என்னை உட்கார வெச்சு, கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா?'ன்னு கேட்டே. எல்லாத்துக்கும் 'சரியாத் தெரியுது'ன்னேன். நீ எழுதிக் குடுத்த கண்ணாடியில எனக்குப் படிக்கட்டு ரெண்டா தெரிஞ்சுது... என்னது, உன் தப்பா? இல்லம்மா. அன்னிக்கு நான் எழுத்தைப் பார்க்கவே இல்ல, உன்னைப் பார்த்துட்டிருந்தேன். அப்போ பார்த்துட்டே கேக்காம விட்டேன். இப்பல்லாம் பார்க்குறதும் இல்ல, கேக்குறதும் இல்ல... மறுபடியும் கேளு. போன வாரம் கேட்டதையேதான். மெதுவாக் கேளு."

சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். எதிரே இருந்த விடைத்தாள் கட்டைக் கவிழ்த்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சிந்தாமல், கடைசிவரை கேட்டார்.

"சரி... ஆமா, அதே வார்த்தைதான். என்ன பண்றது, என்கிட்ட இருக்குறது அது ஒண்ணுதான். ஆனா இப்போ எதுக்குச் சொன்னேன்னு எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்... வேலையா? அந்த ஊர்லயும் கரும்பலகை இருக்கும், முன்னாடி உட்கார்ந்து தூங்க ஆளும் இருக்கும். கிடைக்குற வரைக்கும் உனக்குச் சமைச்சுப் போடுறேன்... அவ்வளவு பயப்படாத, ஓட்டல் இருக்கு... அப்போ எப்போ கிளம்பலாம்?... என்னது? 'எங்கே'வா?... அடிப்பாவி! உங்கப்பாவும் சிரிக்கிறாரா? ஹலோ... சிட்டு... ஹலோ?"